எட்டு நாற்பது அஞ்சலி

மேடம், கம்ப்யூட்டரில் கோடு எழுதுகிறவர்களுக்குப் பொதுவாகப் பேச வராது. எனக்கு வந்தது. நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதித் தருகிறேன். நீளமாகப் போனால் மன்னியுங்கள், தினமும் எழுதிய பழக்கம்.

நானும் தமிழரசனும் தஞ்சாவூரில் ஒரே கல்லூரியில் படித்தோம். குத்தாலம் பக்கம் அவனுக்கு நாலு ஏக்கர். வயலில் இருக்கும் பம்ப்செட் மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் போடவும் நிறுத்தவும் ஒரு செயலி செய்தான். அதைப் பற்றி இணையத்தில் போடும் பதிவுகளில் முதலில் 'செய்தோம்' என்று எழுதினேன். போகப்போக 'செய்தேன்' என்று ஆகிவிட்டது. அவன் எழுதும் கோடெல்லாம் என் கணக்கிலிருந்துதான் இணையத்தில் ஏறும். பார்க்கிறவர்களுக்கு ஒரு முகம்தான் மனதில் நிற்கும், இரண்டு இருந்தால் பிராண்ட் நிற்காது என்று சொன்னேன். "எனக்கு எதுக்குடா மூஞ்சி காட்டுற வேலை? நீயே பாத்துக்க" என்றான்.

அது சும்மா வேலை இல்லை. ஆறு வருடம், ஒரு நாள் விடாமல் பதிவு. காய்ச்சலென்றாலும் பதிவு. அப்பா போன பதிமூன்றாம் நாள் 'அப்பாவிடம் நான் கற்ற ஐந்து பாடங்கள்' என்று போட்டேன். அதில் மூன்று அவர் சொன்னதே இல்லை. நாற்பதாயிரம் பேர் என்னைத் தொடர்ந்தார்கள். ஒருநாள் எழுதாவிட்டால் மறந்துவிடுவார்கள் என்ற பயத்திலேயே எழுந்திருப்பேன். அலுப்பென்றால் அப்படி ஓர் அலுப்பு.

இந்த ஜூனில் அவன் வேலை போனது. போகிற இன்டர்வியூவிலெல்லாம் "நீங்க சொந்தமா என்ன செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டார்களாம். செயலியைச் சொன்னால், என் பெயரைச் சொல்லி, அது ரகுராமன் செய்தது ஆயிற்றே என்று சிரித்தார்களாம். அவன் மனைவி வானதி எனக்குப் போன் செய்தார். "அண்ணே, அவரு பேரை ஒரு எடத்துல போடக் கூடாதாண்ணே?" அப்போது எனக்கு ஜெர்மனியில் ஒரு மாநாட்டில் பேச அழைப்பு வந்திருந்தது. பார்க்கலாம்மா என்றேன்.

புதன்கிழமை அவனே பேசினான். கோபமே இல்லை. "டேய் ரகு, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு மோட்டாருக்கு ஒயர் மாத்துறேன். நாத்தங்கால் காயுது. அதை முடிச்சிட்டு வந்து உண்மையை எழுதிப் போடப் போறேன். உன்கிட்ட சொல்லாம செய்யக் கூடாதுல்ல." நல்ல மனிதன். சொல்லாமல் போட்டிருந்தால் இன்றைக்கு இருப்பான்.

எங்கள் பக்கத்தில் மோட்டாரில் கை வைக்குமுன் எல்லோரும் பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொள்வார்கள். தமிழரசன் பிடுங்க மாட்டான். செயலியில் 'பூட்டு' என்று ஒரு பட்டன் வைத்திருந்தான். அதை அழுத்தினால் யார் போனிலிருந்தும் மோட்டார் ஓடாது. தானே எழுதிய கோடு என்பதால் அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்தப் பூட்டைத் திறக்கும் அதிகாரம் அவனைத் தவிர என் கணக்குக்கு மட்டும் இருந்தது. அதுவும் அவனே கொடுத்ததுதான்.

வியாழன் காலை ஏழு ஐந்துக்குப் பூட்டினான். தஞ்சாவூரில் கட்டிலில் படுத்தபடி என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒயரைக் கையில் எடுக்கப் பத்து நிமிடம் கொடுத்தேன். பிறகு பூட்டைத் திறந்து மோட்டாரைப் போட்டேன், நிறுத்தினேன். போனைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கிப்போனேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நல்ல தூக்கம்.

அதுதான் தப்பாகிவிட்டது. அஞ்சலிப் பதிவை முந்தின நாளே எழுதி, காலை எட்டு நாற்பதுக்குத் தானாக ஏறும்படி வைத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் நிறையப் பேர் படிப்பார்கள். அதற்குள் யாராவது வயலில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அன்று ஊரில் ஒரு காதுகுத்து, வயல் பக்கம் ஒருவரும் போகவில்லை. விழித்திருந்தால் பதிவை நிறுத்தி வைத்திருப்பேன். இட்லி கட்டிக்கொண்டிருந்த வானதிதான் போனில் கணவன் படத்தையும் என் கண்ணீர் அஞ்சலியையும் பார்த்துவிட்டு வயலுக்கு ஓடியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எதற்காக என்று விசாரணையில் கேட்டீர்கள். உண்மையை அவன் சொன்னால் நான் திருடன். நானே சொன்னால் பெரிய மனதுக்காரன். அவன் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உயிரோடு இருந்தால் ஜெர்மனிக்கு அவனைத்தானே கூப்பிடுவார்கள்.

ஆமாம், தமிழரசனை நான்தான் கொன்றேன். ஆனால் அந்தப் பதிவை நீங்கள் முழுசாகப் படிக்க வேண்டும். 'இந்தச் செயலியின் ஒவ்வொரு வரியும் தமிழரசன் எழுதியது' என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். அவன் கேட்டது அவ்வளவுதான். ஒரு லட்சம் பேர் படித்துவிட்டார்கள், மேடம். அவனே எழுதிப் போட்டிருந்தால் நாற்பது பேர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.