ஒரு செங்கல் பாக்கி

செங்கல் உடைக்கும் விளையாட்டை நீங்களும் உங்கள் போனில் ஒரு தடவையாவது ஆடியிருப்பீர்கள். கீழே ஒரு சின்னப் பலகை, மேலே வரிசையாக வண்ணச் செங்கல்கள், நடுவில் ஒரு பந்து. விரலால் பலகையை இப்படியும் அப்படியும் நகர்த்தி, பந்து கீழே விழாமல் தட்டிவிட வேண்டும். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனவர்கள்தான்.

அந்த ‘அப்படி என்ன’வைக் கவனிப்பதுதான் இந்த விளையாட்டைச் செய்கிற கம்பெனியில் என் வேலை. முதல் ஐந்து நிமிஷம் பந்தைப் பலகைப் பக்கமாகக் கொஞ்சம் வளைத்து விடுவோம். தன் கைக்கு இவ்வளவு சாமர்த்தியமா என்று ஆடுகிறவருக்குத் தோன்றும். அந்தக் காலத்து விளையாட்டில் ஒரே பந்து. இப்போது ஒரு செங்கல்லை உடைத்தால் பந்து மூன்றாகும், ஒன்பதாகும், திரையே சரசரவென்று உதிரும். எல்லாம் உதிர்ந்து ஒன்றே ஒன்று மிச்சமிருக்கும்போது பந்தை மயிரிழையில் தப்பவிடுவோம். ஒரு செங்கல் பாக்கி இருக்கும்போது எழுந்து போகிற மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை. நாலு தடவை தப்பவிட்டு ஐந்தாவது தடவை கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் அலுவலகச் சட்டம். அதற்கு மேல் இழுத்தால் பாவம்.

என் அண்ணன் நீச்சல் குளத்தில் லைஃப் கார்டு. அவனைத்தான் நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் பதினான்கு பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியிருக்கிறான். அந்தக் கணக்கில் சேராத ஆள் நான். எனக்கு ஒன்பது வயதில் ஒரு குட்டையில் மூழ்க இருந்தபோது, முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விருந்திலும் இந்தக் கதை உண்டு. என் கல்யாணத்தன்று மாமா என் மனைவியிடமே சொன்னார்.

“இவன் இன்னிக்கு மாப்பிள்ளையா உக்காந்திருக்கான்னா, அது அவங்க அண்ணன் போட்ட பிச்சைம்மா.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அண்ணன் மட்டும், “விடுங்க மாமா, சின்னப் பையன்” என்றான். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது.

போன வருஷம் அவன் போனில் அந்த விளையாட்டை நானே ஏற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு போனுக்கும் எங்களிடம் ஓர் எண் உண்டு. அவன் எண்ணுக்கு மட்டும் அந்த ஐந்தாவது தடவையை எடுத்துவிட்டேன். எனக்குத் தோன்றும்போது கொடுப்பேன். அவன் எப்போது ஆடுகிறான், பலகையை எங்கே தள்ளுகிறான் என்பதெல்லாம் என் மேசையில் தெரியும். பெரிய கெடுதல் எதையும் நான் நினைக்கவில்லை. ஒரே ஒரு தடவை அவன் வேலையில் கோட்டை விட வேண்டும், மேலதிகாரி நாலு வார்த்தை கேட்க வேண்டும், அந்தக் கதையை அடுத்த விருந்தில் நான் சொல்ல வேண்டும். என் ஆசை அந்த அளவில்தான் இருந்தது.

இரண்டு மாதத்தில் அண்ணி போன் செய்தார்.

“சாப்பிடுறப்பகூட அதையே தேய்ச்சிட்டிருக்காரு தம்பி. இப்ப வேலைக்கும் போனை எடுத்துட்டுப் போறாரு. குளத்துக்கிட்ட போன் வச்சிருக்கவே கூடாதாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு.”

“நான் பாத்துக்கறேன் அண்ணி” என்றேன். அன்றைக்குப் பந்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். மெதுவாக வந்து தப்புகிற பந்துதான் ஆளை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

அன்று புதன்கிழமை. பிற்பகல் மூன்று மணி, நீச்சல் தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளும் நேரம். அது எனக்குத் தெரியும். மூன்று மணி நாலு நிமிஷத்துக்கு அண்ணன் கடைசிச் செங்கல்லுக்கு வந்தான். என் மேசையிலிருந்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், செங்கல் உடையும், ஆட்டம் முடியும், ஆடுகிறவர் தலை நிமிர்வார். எல்லாரும் நிமிர்வார்கள், சோதனை அறையில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். என் விரல் அதன் மேல்தான் இருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் குனிந்திருப்பான் என்று பார்க்க ஆசையாக இருந்தது. மூன்று பதினேழுக்குப் பலகை அசையாமல் நின்றது. பந்து அதைத் தாண்டிக் கீழே போயிற்று. குளத்தில் யாரோ கத்தியிருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

அன்றைக்குத் தண்ணீரில் மூழ்கிப்போன அந்த அம்மாள் தையல் வேலை செய்தவராம். முட்டிவலிக்கு நீந்தச் சொல்லி டாக்டர் அனுப்பியிருக்கிறார். மிதக்கக் கற்றுக்கொடுத்ததே அண்ணன்தானாம். அவர் விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். அவரோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது.

அண்ணன் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினீர்கள். தப்பு முழுக்கத் தன்னுடையது, வேறு யாருக்கும் பங்கில்லை என்று எழுதியிருக்கிறான். நேற்று நான் அவனைப் பார்க்கப் போனபோதும் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அதையேதான் சொன்னான்.

“அது உங்க கம்பெனி கேம்னு யார்கிட்டயும் வாயைத் திறக்காத. உன் வேலைக்கு ஏதாவது ஆயிடப்போகுது.”

மறுபடியும் என்னைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டான், பாருங்கள்.

வாசலில் இருந்த உங்கள் ஆள், “வெறும் விளையாட்டுதானே சார், வீட்டுக்குப் போங்க” என்றார். போக மாட்டேன். மனசாட்சி உள்ளவன் என்பதால்தான் நானாக வந்திருக்கிறேன். அந்த அம்மாளைக் கொன்றது நான். பதின்மூன்று நிமிஷம், தெரிந்தே. என் பெயரை முதலில் எழுதுங்கள். இதையும் அவனே தட்டிக்கொண்டு போகக் கூடாது.