ஒத்திகை நோயாளி

கம்மாபுரம் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்:

"எனக்கு ஒரு நோயும் இல்லக்கா. ஆனா வூட்டுல நாலு பை ஆரஞ்சு கெடக்குது."

விருத்தாசலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையாம் அவளுக்கு.

"புதுசா மூச்சுத்திணறல் காய்ச்சல் பரவுனா என்னா பண்றதுன்னு ஒத்திகை வெச்சாங்க. நோயாளியா என்னியப் படுக்கச் சொன்னாங்க. ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கினு தனி வார்டுக்குப் போறத எங்க ஊரு ஆட்டோக்காரரு பாத்துட்டாரு."

"அய்யோ! ஊருக்கு போன் போட்டுட்டாரா?"

"ஒரு டிராக்டர் நெறைய ஜனம் ஆரஞ்சுப் பையோட வந்துட்டாங்க. மாமியாரு வார்டுக்குள்ளயே பூந்து, என் கையப் புடிச்சிக்கினு அழுவுறாங்க. கல்யாணமாகி இத்தன வருசத்துல அன்னிக்குதான் என்னிய 'கண்ணு'ன்னாங்க."

"எழுந்து சொல்ல வேண்டியதுதானே?"

"கண்ணத் தொறக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. அதோட, இன்னும் ரெண்டு தடவ 'கண்ணு' வரட்டும்னு கெடந்தேன்."

"டாக்டரு திட்டலியா?"

"தலையில கைய வெச்சிக்கினாரு. மருந்து, மெசினு, படுக்கை எல்லாம் ரெடி பண்ணோம், பாக்க வர்ற ஜனத்த மறந்துட்டோமேன்னாரு. நெசக் காய்ச்சலா இருந்தா டிராக்டர்ல வந்த அம்புட்டு பேருக்கும் ஒட்டியிருக்கும். இப்ப வாசல்ல ஆள் போட்டுட்டாங்க. யாரா இருந்தாலும் கண்ணாடி ஜன்னல் வழியாதான் பாக்கணும். அடுத்த மாசம் மறுபடியும் ஒத்திகை."

"நீதான் நோயாளியா?"

"இல்லக்கா. மாமியாரு தானே படுக்கறேன்னு டாக்டருகிட்ட சொல்லிட்டாங்க. கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு நான் எப்பிடி அழுவுறேன்னு பாக்கணுமாம்."