முன் சீட்டு

ஜீவன்: ...உக்காந்திருந்தா வலி ஒண்ணுமில்ல தங்கமணி. டாக்டரம்மா மறுபடி கூப்புடுறதுக்குள்ள வா, வீட்டுக்குப் போயிடலாம்.

தங்கமணி: கார் பார்க்லேருந்து வர்றதுக்குள்ள எத்தன எடத்துல குனிஞ்சு நின்னீங்க?

ஜீவன்: சூப்பர்மார்க்கெட்ல உன்னவிட வேகமா நடக்கல?

தங்கமணி: டிராலிமேல சாஞ்சுக்கிட்டு. டாக்டரம்மா அதத்தானே சொன்னாங்க... குனிஞ்சா முதுகெலும்புக்குள்ள வழி கொஞ்சம் விரியுது, நிமுந்தா நரம்ப நெரிக்குது.

ஜீவன்: நான் இனிப்புநீர், சக்கர வியாதின்னு நெனச்சேன்...

தங்கமணி: நெனச்சுக்கிட்டு பிரிக்ஃபீல்ட்ஸ்ல போயி வருஷம் பூரா மசாஜ்.

ஜீவன்: அவரு நல்லா புடிப்பாரு லா.

தங்கமணி: ஸ்கேன்ல பாத்தீங்கள்ல? வழியே அடைச்சுக் கெடக்கு. ஆபரேஷனுக்கு சரின்னு சொல்லுங்க.

ஜீவன்: முதுகுல கத்தி வச்சு, எந்திரிக்க முடியாம போச்சுன்னா? பக்கத்து வீட்டு லோகன பாத்தல்ல, படுத்த படுக்கையா...

தங்கமணி: லோகன் அண்ணனுக்கு ஸ்ட்ரோக். பேச்ச மாத்தாதீங்க. கால் மரத்துப் போகுதான்னு டாக்டரம்மா கேட்டாங்க... ஏன் இல்லேன்னீங்க?

ஜீவன்: ஆமான்னா ஸ்கூல் வேன் ஓட்டக்கூடாதும்பாங்க. அப்புறம் நான் எதுக்கு... வீட்டுல சும்மா கெடக்கவா?

தங்கமணி: வேன்ல அடுத்தவங்க பிள்ளைங்க இருக்குதுங்க.

ஜீவன்: தெரியாதா எனக்கு? போன வாரம், சிக்னல்ல... லோரி பின்னாடி...

தங்கமணி: சொல்லுங்க.

ஜீவன்: பிரேக்க மிதிச்சுட்டேன்னுதான் நெனச்சேன். குனிஞ்சு பாத்தா கால் அதுமேலயே இல்ல. கண்ண மூடிட்டேன் தங்கமணி... வேன் தானா நின்னுடுச்சு.

தங்கமணி: தானாவா...

ஜீவன்: சாமிதான் நிறுத்துச்சு. வேற யாரு? நீ டாக்டர் ரூமுக்குள்ள வந்து இதையெல்லாம் பேசிக்கிட்டிருக்காத, சரியா?

தங்கமணி: சாமி இல்லீங்க. ஹேண்ட்பிரேக்க நான்தான் இழுத்தேன். நீங்க வேர்வையத் தொடச்சுக்கிட்டிருந்தப்ப இறக்கியும் விட்டேன்.

ஜீவன்: நீயா? நீ பாசாருக்குக் காய் வாங்கத்தானே வேன்ல வர்ற...

தங்கமணி: தைப்பூசத்துலேருந்து எந்தப் பாசாருக்குங்க தெனம் வரேன்? முன் சீட்டுல உக்காந்து உங்க காலத்தான் பாத்துக்கிட்டு வரேன். அந்தப் பிள்ளைங்க அம்மாங்க ஒவ்வொருத்தரும் கேட்டுல நின்னு கைகாட்டுறாங்க... நானும் சிரிச்சுக்கிட்டே கைகாட்டுறேன். ஒருத்தர்கிட்டகூட சொல்லல.