புகை போட்ட உருளைக்கிழங்கு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று சொந்த உழைப்பில் இரண்டு லாரி ஓடுகிறது. ஒரே பேச்சில் ஆளை எடை போட்டுவிடுவேன். ஆனால் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தன் கணவனிடம் கேட்டது எனக்கே பிடிபடவில்லை.

“உருளைக்கெழங்க என்ன கொசுவா கடிக்குது, புகை போட?”

“துபாய்ல மொதலாளி வூட்டுல வாராவாரம் செய்வேன் புள்ள. சீஸ் போட்டு, மூடுன டிரம்முல புகையிலயே வேகணும். அதை வச்சு இங்கயே கடை போடலாம்னு பாத்தேன். பெத்த அத்தாவே ஒரு வாய் வச்சதும் துப்பிட்டாங்களே, பூச்சிமருந்து வாடைன்னு. பேசாம இன்னிக்கே டிராவல்ஸ்ல டிக்கெட் போட்டு துபாய்க்கே போயிடுறேன்.”

“பின்ன? பருத்திக் குச்சியப் போட்டு எரிச்சா? எத்தன தடவ மருந்தடிச்ச செடி அது!”

அவள் மடியிலிருந்த டப்பாவைத் திறந்தாள். மணம் என் சீட்டு வரை வந்தது.

“காலையில மக்காச்சோளம் உதுத்த கட்டையப் போட்டு, அதே டிரம்முல நான் செஞ்சேன். தின்னு பாருங்க மச்சான்.”

தின்றான். “அத்தாவுக்குக் குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“என்ன சொன்னாங்க?”

“மாமா ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு எடுத்து வச்சதுலயும் பாதியத் தின்னுட்டாங்க.”

டிராவல்ஸ் ஆபீஸ் ஸ்டாப் வந்தது. அவள் எழுந்தாள். அவன் எழவில்லை.

“உக்காரு. மார்க்கெட்டுல எறங்கி கெழங்கு வாங்குவோம்.”