தட்டுப் போடும் வாசல்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். அட்டையை மடித்து அடியில் செருகினால் ஆடாது. தராசுகளைச் சரிபார்ப்பது என் வேலை. கோணலாக எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். சரி, கேட்டதற்கு வருகிறேன்.

அண்ணனை வீட்டில் எல்லோரும் சாம்பியன் என்றே கூப்பிடுவார்கள். கார்ப் பந்தய விளையாட்டு ஒன்று, பதினேழு வருடமாக ஒரே குறுந்தட்டில், அதாவது சி.டி.யில், ஓடியது. ஆட்டம் முடிந்ததும் பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியல் வரும். முதல் பெயர் அவனுடையது, இரண்டாவது என்னுடையது. நடுவே நாலு விநாடி. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை.

போன வருடம் பைக்கிலிருந்து விழுந்து அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நெஞ்சிலும் அடி, இளைப்பு வந்தால் வாயில் வைத்து இழுக்கும் மருந்துதான் கதி. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. படுத்தபடியே விளையாடினான், முன்னைவிட நன்றாக. வீட்டுக் கணினி மண்டையைப் போட்டதும் நான்தான் மடிக்கணினி வாங்கிக் கொடுத்தேன்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “டேய், தட்டுப் போடற வாசல் எங்கடா?”

“இப்ப வர்றதுல அதெல்லாம் கிடையாதுண்ணா.”

கடையில் வாசல் உள்ளதும் ஒன்று இருந்தது. கனம் அதிகம். அவன் மடி தாங்காது என்று யோசித்தேன்.

பழுதுபார்ப்பவர் வந்து, பழைய கணினியிலிருந்த விளையாட்டையும் பட்டியலையும் இதில் ஏற்றிக் கொடுத்தார். ஆனால் தட்டு இல்லாமல் விளையாட்டு திறக்காது. “தட்டை ஒரு இமேஜ் எடுத்து வெச்சுக்குங்க, அப்புறம் தட்டே வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணிக்கு இமேஜ் என்றால் புகைப்படம். மறுநாள் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, முன்னும் பின்னுமாகச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார்.

“எடுத்துட்டேன். இதை எப்படி உள்ள போடறது?”

தட்டில் உள்ளதை அப்படியே நகலெடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். எனக்குத் தெரியும். “ரொம்பத் தெளிவா வந்திருக்கு அண்ணி. இதுக்கும் திறக்கலேன்னா தட்டுல கீறல் விழுந்திருக்கும். குடுங்க, நான் பார்க்கறேன்” என்றேன். ஒரு பெண்ணைப் புருஷன் எதிரில் அசடாக்குவது எனக்குப் பிடிக்காது.

ஒரு வாரம் அண்ணன் செல்போனில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மடிக்கணினியை என் பக்கம் தள்ளினான். “எனக்கெதுக்கு? நீயே வெச்சுக்கடா.”

வெளியிலிருந்து செருகித் தட்டுப் போடுகிற பெட்டி கடைகளில் கிடைக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. வாங்கினேன். என் அறையில், தாழ்ப்பாள் போட்டு, ஒலியை அணைத்துவிட்டு விளையாடினேன். அவன் மனம் நோகக் கூடாதே. பெட்டிக்குள் தட்டு சுழலும் சத்தம் சுவரைத் தாண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தராசு முள் நடுவில் நின்றாலும் என் கண்ணுக்கு ஆடியது. நாலு விநாடி மூன்றானது, ஒன்றானது, பாதியானது. சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனேன். உடம்பு சரியில்லை என்று வேலைக்கு லீவு சொன்னேன்.

அன்று மதியம் அண்ணி வேலைக்குப் போயிருந்தார். எனக்குக் கடைசிச் சுற்று. அடுத்த அறையில் ஏதோ தொப்பென்று விழுந்தது. பிறகு தரையில் இழுபடும் சத்தம். பிறகு என் கதவின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தட்டினான்.

“டேய்... மருந்து... கட்டிலுக்கடியில உருண்டுடுச்சுடா... எடுத்துக் குடுடா...”

நிறுத்திவைக்கும் பொத்தான் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஆனால் நடுவில் நிறுத்திய ஓட்டம் பட்டியலில் ஏறாது. அதனால் முடித்தேன். கால் விநாடியில் கை நழுவிப்போனது. இத்தனை அருகே வந்துவிட்டு எழுந்து போக முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஓட்டம் ஒன்றுக்கு ஆறு நிமிடம். இரண்டாவதில் பாதிவரை தட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவதில் முந்தினேன். பெயர் கேட்டது. எழுத்துப் பிழையில்லாமல் அடித்து, பட்டியலின் தலையில் அது நிற்பதைப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளை விலக்கினேன். கதவில் சாய்ந்திருந்த அவன் கை, கதவோடு சேர்ந்து உள்ளே வந்தது.

அவர் தட்டியது காதில் விழவில்லையா என்று அண்ணி கேட்டார். விழுந்தது, சார். சின்ன வயதிலிருந்தே நான் நன்றாக ஓட்டினால் முதலில் கைதட்டுகிறவன் அவன்தான். அன்றும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.