பதினான்காம் எண் அறையும் பாதி மாஸ்டரும்

மேடையிலிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, மருத்துவர்களே, மாஸ்டரின் குடும்பத்தாரே, புதன்கிழமைத் தோழர்களே!

ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள்கூடத் தவறவிடாத மனிதருக்கு இரண்டாம் முறையும் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து உயிர் போனது ஏன்? எனக்குத் தெரியாது. விதி என்று சொல்லித் தப்பிக்கவும் மனம் வரவில்லை.

அவர் தையல் மாஸ்டர். முதல் ரத்தக்கசிவில் வலது கையும் காலும் போனபின், தனக்குத் தானே 'பாதி மாஸ்டர்' என்று பெயர் வைத்துக்கொண்டார். "பாதிதான் படுத்துக்கிச்சு. மீதிக்கு வேலை வேணுமில்ல?" என்றார். இதே மருத்துவமனையின் பதினான்காம் எண் அறையில், பாதிக்கப்பட்டவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் புதன்தோறும் கூட்டினார்.

என் கணவருக்குத் திடீரென்று தலை பிளப்பதுபோல் வலித்த அன்று, தைலம் தடவித் தூங்கச் சொன்னவள் நான். ஆறு மணி நேரம் கழித்துத்தான் மருத்துவமனை! கல்லூரியில் பாடம் நடத்துகிறவள்! அதை முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அந்த அறையில்தான். மாஸ்டர் ஆறுதல் சொல்லவில்லை. "இதை வெளியே போய்ச் சொல்லுங்க டீச்சர். இன்னொரு வீட்டுல தைலத்தை எடுக்காம ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாங்க" என்றார்.

பேச்சிழந்த என் கணவரிடம் மாஸ்டர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். "உங்களைக் கேக்கல டீச்சர்" என்று அதட்டிவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம். ஒருவழியாக என் கணவர் வாயிலிருந்து வந்தது: "போடா!" மூன்று மாதத்தில் முதல் சொல்! அறையே சிரித்தது. "என்னைத் திட்டத்தான் வாய் வந்துச்சா சார்?" என்றார் மாஸ்டர். எந்த மருந்துக்கடையில் கிடைக்கும் இது?

இப்போது அந்த அறை பழைய கோப்புகளுக்கு வேண்டுமாம். மாஸ்டர் இறந்த அன்று மாலையே கதவைப் பூட்டி அறிவிப்பு ஒட்டினீர்கள், கண்காணிப்பாளர் அவர்களே. அவர் போனால் நாங்கள் கலைந்துவிடுவோம் என்று நினைத்தீர்களா? கலைய மாட்டோம்! கோப்புகள் நடக்கப் பழக வேண்டியதில்லை. நாங்கள் பழக வேண்டும். சாவி தந்தாலும் வருவோம். தராவிட்டாலும் வருவோம்.

இது வெறும் மேடைப்பேச்சு என்று நினைப்பவர்களுக்காக, அவர் இறந்த மறுநாள் நடந்ததைப் பதிவு செய்கிறேன். புதன்கிழமை. பதினொரு பேர் வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தோம். நான்கு மணிக்கு ஒரு பெண், மண்டையில் தையல் பிரிக்காத அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மாஸ்டர் கூட்டம் இதுதானா?"

"மாஸ்டர் நேத்து தவறிட்டாரும்மா" என்றேன்.

"அப்ப கூட்டம் இல்லையா?"

"யாரு சொன்னா?" என்றார் எங்களில் ஒருவரான தபால்காரர். "அப்பாவை இந்தப் பக்கம் திருப்பும்மா, மூஞ்சில வெயில் அடிக்குது."

கூட்டம் ஐந்தரை வரை நடந்தது.