முன்திரைக் கயிறு

ஊமைப்படம் எடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, ஐயா. ஜெனரேட்டரை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அடி அண்ணாமலை ஊர் நாடக மேடையில் நாங்கள் திரைக்குப் பக்கத்திலேயே வைத்தோம்.

ஒரு நாடகக் கம்பெனியின் கூத்தையெல்லாம் வசனமே இல்லாத சிரிப்புப் படமாக எடுக்க வேண்டும் என்பது என் ஆறு வருடக் கனவு. ராஜாவுக்கு மீசை கழன்று விழும். திரை இழுப்பவன் திரையோடு சேர்ந்து மேலே போவான். கதையும் இயக்கமும் நான். திரை இழுப்பவனாக முதலில் நடித்ததும் நான்தான். போட்டுப் பார்த்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கேமரா பிடித்த வேதா நாசூக்காக, "எழில் சார், இருசப்பண்ணன கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

இருசப்பன் கீழ்பென்னாத்தூர்க்காரர். முப்பது வருடம் மேடையில் கோமாளி வேஷம் கட்டியவர். வந்தார், சும்மா நின்றார், எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனிதர். டீக்கடையில் என்னிடமே, "இருசப்பன் படம் எப்போ வருதுங்க?" என்று கேட்பார்கள். சீக்கிரம் வந்துவிடும் என்பேன். வயிற்றெரிச்சல் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

கடைசி நாள் கயிறு காட்சி. அவர் இடுப்பில் முடிச்சுப் போட்டு அந்தரத்தில் தொங்கவிட வேண்டும். மெலிந்த ஆள்தான். மறுமுனையைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி நான் பிடித்திருந்தேன். தூக்கியதும் முடிச்சு நழுவி நெஞ்சுக்கு ஏறியது. கையைக் காலை உதறினார், வாயைத் திறந்து திறந்து மூடினார். இருபதடி தள்ளி வேதா குலுங்கிச் சிரித்தாள். ஜெனரேட்டர் சத்தத்தில் அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

இறக்கியபோது உயிர் இல்லை. ஐம்பத்தாறு வயது, மாரடைப்பு என்றார்கள். நானும் அழுதேன், உண்மையாகவே அழுதேன்.

வேங்கிக்கால் மண்டபத்தில் படத்தைத் திரையிட்டோம். அவருடைய கடைசி நடிப்பு என்று தெரிந்த ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அந்தக் காட்சியை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. படத்தில் அதைவிட நல்லது கிடையாது. முன்வரிசையில் அவர் மகள் இனியா மட்டும் சிரிக்கவில்லை. பிறவியிலேயே காது கேட்காத பெண். அப்பா பேசுவதை இருபது வருடமாக உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டவள். அவள் எழுதிக் கொடுத்த தாள் உங்கள் மேஜைமேல் இருக்கிறது. "தம்பி, மூச்சு முட்டுது. உன் படம்னே சொல்றேன், எறக்குப்பா." சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

தத்ரூபமான முகம் வேண்டும், படத்துக்காகத்தான் பிடித்திருந்தேன் என்று காலையில் வாக்குமூலத்தில் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். ஆனால் இனியா பார்த்தது நாற்பது நொடிதான், ஐயா. கேமராவில் இருப்பதும் அவ்வளவுதான். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு, வேறு எடுக்க வேதா வேனுக்குப் போனாள். அவள் திரும்பி வரும்வரை நான் கயிற்றை விடவில்லை.